படத்தோடு பேரும் போகணும்

ஸ்டூடியோ அக்கா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். போன இதழில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது பற்றி எழுதியிருந்தேன். "காப்பது சரி அக்கா, அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் குடும்ப ஆல்பமாகச் செய்ய எந்த மென்பொருள் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்டபத்தில் ரயிலடிப் பக்கம் என் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். பதினான்கு வயசிலிருந்து அங்கேதான் எனக்கு வேலை. இருட்டறையில் ஹைப்போ வாசனையோடு வளர்ந்தவள் நான். நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்வது என் பங்கு. 2012-இல் கடையை மூடினோம். அதிலிருந்து இந்தக் கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் படங்களை ஸ்கேன் செய்து கொடுக்கிறேன்.

அக்கா, எங்கள் வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் படங்கள் இருக்கின்றன. வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்துப் படங்கள், உம்மாவின் கல்யாணப் படங்கள், நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எடுத்தவை. காக்கா (அண்ணன்) துபாயில், ராத்தா (அக்கா) சென்னையில். எல்லோரும் பார்க்கிற மாதிரி ஆல்பம் செய்யச் சொல்கிறார்கள். பெண்கள் படங்கள் வெளியே போய்விடுமோ என்று ராத்தாவுக்குப் பயமும் இருக்கிறது. எனக்குக் கம்ப்யூட்டர் ஓரளவுதான் தெரியும். எளிதான மென்பொருள் ஒன்றின் பெயர் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், கீழக்கரை

ஒரே பெயர் என்றால் டிஜிகேம், தம்பி. காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதைவிட அழகான, இதைவிடச் சுலபமான மென்பொருள்கள் இருக்கின்றன. முதல் நாள் திறந்தால் அத்தனை பொத்தான்களைப் பார்த்து மலைப்பாகக்கூட இருக்கும். அப்படியும் இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்குப் பின்னால் என் வீட்டில் நடந்த ஒன்று இருக்கிறது.

கடை மூடிய வருஷம் எங்கள் வீட்டுப் படங்கள் 1,140-ஐ ஸ்கேன் செய்தேன். அப்போது கிடைத்த ஓர் இலவச மென்பொருளில் ஏற்றி, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகத்துக்கும் பேர் போட்டேன். ஐப்பசி மழையில் தொடங்கி அடுத்த ஐப்பசி வரை ஓடியது அந்த வேலை. அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயசு. ஒரு படத்தைக் காட்டினால் அரை மணி நேரம் பேசுவார். "இவ உச்சிப்புளியில வாக்கப்பட்டவ. இந்தச் சேலை மாமியா எடுத்துக் குடுத்தது. அரக்குக் கலரு எனக்குப் பிடிக்கலன்னு ரெண்டு நாள் அழுதா." படம் கறுப்பு வெள்ளை. சேலை அரக்கு என்று உலகத்தில் அம்மா ஒருவருக்குத்தான் தெரியும். அதையும் எழுதி வைத்தேன்.

அம்மா போய் இரண்டாம் வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. கடையில் கொடுத்துப் புதியதுக்கு மாற்றினேன். படங்கள் அத்தனையும் வந்து சேர்ந்தன. பேர் ஒன்றுகூட வரவில்லை. அந்த மென்பொருள் பேர்களைப் படத்துக்குள் எழுதாமல், தனக்கென்று வேறோர் இடத்தில் வைத்திருந்திருக்கிறது. மாற்றிக் கொடுத்த பையனுக்கு அந்த இடம் தெரியவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் போய்க் கேட்பதற்குள் பழைய டிஸ்கை அழித்துவிட்டார்கள். ஞாபகத்திலிருந்து 400 படத்துக்குத் திரும்ப எழுதினேன். மீதிப் படங்களில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் யாரென்று இன்றைக்கு எனக்கே தெரியாது.

அதனால் மென்பொருளின் அழகை நான் பார்ப்பதில்லை. எழுதுகிற பேரை எங்கே எழுதுகிறது என்று பார்க்கிறேன். ஜேபெக் கோப்புக்குள் படம் மட்டும் இல்லை. எடுத்த தேதி, விளக்கம், இருப்பவர்களின் பேர் எல்லாம் எழுத அதற்குள்ளேயே இடம் உண்டு. பழைய போட்டோவின் முதுகில் பென்சிலால் எழுதுவோமே, அந்த முதுகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எழுதிவிட்டால் படம் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் எழுத்தும் கூடவே போகும். டிஜிகேம் அப்படி எழுதும். முதல் தடவை திறக்கும்போது சில கேள்விகள் கேட்கும். தகவல்களைக் கோப்புகளிலேயே சேர்க்கட்டுமா என்பது அதில் ஒன்று. சேர்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் தட்டிக்கொண்டே போய்விட்டால், பிறகு அமைப்புகளில் மெட்டாடேட்டா என்ற பகுதிக்குப் போய் அதே குறிகளைப் போடலாம்.

என் பேச்சை நம்பிவிட்டு இருக்க வேண்டாம், நீங்களே சோதியுங்கள். ஒரு படத்தில் விளக்கம் எழுதுங்கள். அந்த ஒரு படத்தை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போய் வேறு கம்ப்யூட்டரில், வேறு மென்பொருளில் திறங்கள். எழுதியது தெரிந்தால் வேலையைத் தொடங்கலாம். தெரியாவிட்டால் அந்த மென்பொருள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். பத்து நிமிஷ வேலை. அன்றைக்கு நான் செய்யாமல் விட்டது.

முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி டிஜிகேமில் உண்டு. அதற்கான கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கச் சொல்லிக் கேட்கும். நல்ல சிக்னல் இருக்கும்போது இறக்கி வையுங்கள். நாலைந்து படத்தில் வாப்பாவின் முகத்தைக் காட்டிக் கொடுத்தால், மற்ற படங்களில் அதுவே தேடி "இவரா?" என்று கேட்கும். கறுப்பு வெள்ளையில் தடுமாறும். அண்ணன் தம்பி முகங்களைக் குழப்பும். கேட்கிறதே என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டே போகாதீர்கள்.

பேர் எழுதுவதில்தான் நம் ஆட்கள் எல்லோரும் தவறுகிறார்கள். "பெரியப்பா", "சின்னம்மா", "மச்சான்" என்று உறவு முறையை எழுதி வைத்துவிடுகிறார்கள். உங்களுக்குக் காக்கா என்றால், உங்கள் மகனுக்கு அவர் பெரியவாப்பா, காக்காவின் பேரனுக்கு இன்னொன்று. அறுபது வருஷம் கழித்து "சின்னம்மா" என்று எழுதிய படத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு யாருடைய சின்னம்மா என்று எப்படித் தெரியும்? அதனால் ஆளின் பேர், தகப்பன் பேர், பிறந்த வருஷம் என்று எழுதுங்கள். வருஷம் திட்டமாகத் தெரியாவிட்டால் "1940 வாக்கில்" என்று போடுங்கள். நம் பக்கம் தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறோம், அதனால் ஒரு வீட்டிலேயே ஒரே பேரில் மூன்று தலைமுறை இருக்கும். இந்தக் கடற்கரையில் அந்தோணி இல்லாத கத்தோலிக்க வீடும் முகம்மது இல்லாத முஸ்லிம் வீடும் எனக்குத் தெரிந்து இல்லை. வீட்டுப் பேர், பட்டப்பேர் ஏதாவது இருந்தால் அதையும் சேருங்கள். உறவு முறையை விளக்கத்தில் எழுதலாம், ஆனால் யாருக்கு யார் என்று முழுசாக.

கோப்பின் பேரை வருஷத்தில் தொடங்குங்கள். 1971-05-00-கொழும்பு-கடைவாசல்-01 என்பது போல. மாசமும் நாளும் தெரியாத இடத்தில் சைபர் போடுங்கள். அப்போது கம்ப்யூட்டர் தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, அதே பேரோடு "பின்" என்று சேருங்கள். வாப்பாவின் கையெழுத்து, கொழும்பு ஸ்டூடியோவின் முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

இனி ராத்தாவின் பயம். நியாயமான பயம்தான், அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டிஜிகேம் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும், தானாக எங்கேயும் அனுப்பாது. வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டும் என்றால், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கூகுள் போட்டோஸில் ஆல்பமாகப் போட்டுப் பகிரலாம். அங்கே ஒன்றைக் கவனியுங்கள். இணைப்பு வழியாகப் பகிர்ந்தால், அந்த இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் திறந்து பார்க்கலாம். இணைப்புப் பகிர்வை அணைத்துவிட்டுக் காக்காவையும் ராத்தாவையும் அவரவர் கணக்கின் பேரில் சேருங்கள். என்னிடம் கேட்டால், பெண்கள் கூட்டத்துப் படங்களை இணையத்தில் ஏற்றவே வேண்டாம். அவற்றைத் தனி ஃபோல்டரில் வைத்து, ராத்தா ஊருக்கு வரும்போது பென் டிரைவில் கையில் கொடுங்கள். படத்தில் இருக்கிற பெண்களைக் கேட்காமல் யாரும் முடிவு எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். 4 ஜிபி ராம். பெரிய மென்பொருள் போட்டால் திணறுகிறது.
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

எக்ஸ்என்வியூ எம்பி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், இலகுவானது. கோப்புக்குள் விளக்கம் எழுதவும் விடும். அதுவும் பாரமாக இருந்தால் இர்ஃபான்வியூ. 1996-லிருந்து இருக்கிறது, விண்டோஸில் மட்டும் ஓடும். மொத்தமாகப் பேர் மாற்றுவது, திருப்புவது, ஸ்லைடு ஷோ காட்டுவது எல்லாம் அந்தச் சின்ன மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. முகம் தேடாது, அவ்வளவுதான். முகத்தை உங்களைவிட அது நன்றாகவா அடையாளம் காணப்போகிறது?

கம்ப்யூட்டரே இல்லை அக்கா. போன் மட்டும்தான். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், என் நகைப் பெட்டி அளவு படங்கள் இருக்கின்றன. போனிலேயே முடியுமா?
— ஒரு வாசகி, மண்டபம்

முடியும் தங்கச்சி. காலை பத்து மணிக்குத் திண்ணையில், நேர் வெயில் படாத நிழலில் ஒரு கறுப்புத் துணியை விரித்துப் படத்தை வையுங்கள். போனைத் தலைக்கு மேல் நேராகப் பிடித்து எடுங்கள், சாய்த்தால் ஒரு பக்கம் குறுகிவிடும். பிளாஷ் போடாதீர்கள். படம் பளபளவென்று இருந்து வெளிச்சம் அடித்தால், கூகுளின் போட்டோஸ்கேன் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. நடுவில் ஒன்று, பிறகு நாலு புள்ளிக்கு ஒவ்வொன்று என்று எடுக்கச் சொல்லி, பளபளப்பை நீக்கிச் சேர்த்துத் தரும்.

ஆல்பத்துக்குக் கூகுள் போட்டோஸ் போதும். ஒரு கணக்குக்கு 15 ஜிபி இடம் இலவசம், ஆனால் ஜிமெயிலும் டிரைவும் அந்த இடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். 2021 ஜூன் 1-க்கு முன்னால் ஏற்றிய காலம் வேறு; இப்போது எந்தத் தரத்தில் ஏற்றினாலும் கணக்கில் வரும். படம் ஒன்றுக்கு 3 எம்பி என்றால் சுமார் 5,000 படம். உங்கள் பெட்டிக்கு இது தாராளம். வாட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் சேர்த்து ஏற்ற விட்டால்தான் இடம் தீரும், அந்த ஃபோல்டரை அணைத்து வையுங்கள்.

ஒன்று மட்டும். கூகுள் போட்டோஸில் நீங்கள் எழுதுகிற விளக்கம் படத்துக்குள் போகாது. பிற்பாடு டேக்அவுட் என்ற கூகுளின் வசதி வழியாக எல்லாவற்றையும் கீழே இறக்கினால், படம் தனியாகவும் விளக்கம் பக்கத்தில் வேறொரு கோப்பாகவும் வரும். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் படத்துக்கு எண் போட்டுப் பேர்களை எழுதியும் வையுங்கள். அந்த நோட்டுப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அதே ஆல்பத்தில் சேருங்கள். பிள்ளை படித்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கும்போது மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, இரண்டு வருஷம் தொடவே இல்லை என்றால் அந்தக் கணக்கையே நீக்கிவிட கூகுளுக்கு உரிமை உண்டு. பாஸ்வேர்டை வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் எங்கள் தாத்தா வீடு போனது. அவருடைய ஒரே படம் ராமேஸ்வரத்தில் சொந்தக்காரர் வீட்டுச் சுவரில் தொங்கியதால் தப்பியது. ஃபிரேமில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்து எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒரு கடைக்காரர். செயற்கை நுண்ணறிவு வைத்து முகத்தைத் தெளிவாக்கலாம் என்கிறான் மகன். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பிரிக்கக் கொடுக்காதீர்கள் அம்மா. தயவுசெய்து. அந்தப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். நம் ஊர் ஈரக்காற்றில் வருஷக்கணக்காக இளகி இளகிக் கண்ணாடியோடு ஒன்றாகிவிட்டது. இழுத்தால் காகிதம் மட்டும் கையோடு வரும், தாத்தாவின் முகம் கண்ணாடியில் நின்றுவிடும். என் கண் முன்னால் இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது.

கண்ணாடியோடு சேர்த்தே படமெடுக்க வேண்டும். பின்பலகையை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், ஓரங்களில் ஈரம் போகக் கூடாது. ஸ்கேனரில் வைப்பதாக இருந்தால் மெல்லிய, யுஎஸ்பியிலேயே ஓடுகிற வகை வேண்டாம். கண்ணாடியின் கனத்தைத் தாண்டி அதற்குப் பார்வை எட்டாது, மங்கும். பழைய, கனமான ஸ்கேனர் எங்காவது கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்டூடியோக்காரர்களின் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, துணியை நமக்கும் படத்துக்கும் நடுவில் பிடித்து, ஓட்டை வழியாக எடுப்பது. நம் உருவமும் ஜன்னலும் கண்ணாடியில் விழாது. வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக வரட்டும்.

சாதாரணப் போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, போதும் என்று எல்லோருக்கும் சொல்வேன். 6-க்கு 4 அங்குலப் படம் அதில் 3,600-க்கு 2,400 புள்ளியாக வரும், இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் தாங்கும். உங்களுடையது ஒற்றைப் படம். 1,200-இல் ஸ்கேன் செய்யுங்கள், தரம் குறையாமல் வைக்கிற டிஃப் வடிவில் ஒன்றும் ஜேபெக்கில் ஒன்றும் வையுங்கள்.

மகன் சொல்வதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். டச்சப் செய்தே சோறு சாப்பிட்டவள் நான். பெண் பார்க்க அனுப்புகிற படங்களில் அம்மை வடுவை எடுத்துவிடச் சொல்லி வருவார்கள். பென்சில் முனையால் நெகட்டிவில் ஒவ்வொரு குழியாக நிரப்புவேன். அப்போது அது அவர்களுக்குத் தேவைப்பட்டது, குறை சொல்ல மாட்டேன். பல வருஷம் கழித்து அப்படி ஒரு படத்தை ஒரு பேத்தி எடுத்து வந்து, "எங்க அப்பத்தா முகத்துல அம்மத் தழும்பு இருக்கும்னு அப்பா சொல்வாங்க, படத்துல இல்லையே, இது அவங்கதானா?" என்று கேட்டாள். நான் எடுத்த தழும்பு அது. பதில் சொல்ல எனக்கு நேரமானது.

இந்தப் புதிய செயலிகள் வடுவை எடுப்பதோடு நிற்பதில்லை. மங்கலாக இருக்கிற கண்ணுக்குப் பதிலாகத் தெளிவான வேறொரு கண்ணை வரைந்து வைக்கின்றன. பார்க்க நன்றாகவே இருக்கும். தாத்தாவை நேரில் பார்த்த யாராவது இருந்தால்தான் அது அவர் கண் இல்லை என்று சொல்ல முடியும். அதனால் மகன் ஆசைக்குச் செய்யட்டும், ஆனால் ஸ்கேன் செய்த முதல் கோப்பைத் தொடாமல், காப்பியில் செய்யட்டும். கோப்பின் பேரிலேயே "மாற்றியது" என்று எழுதட்டும். ஆல்பத்தில் மாற்றாத படம் முதலில் வரட்டும்.

இன்னொரு யோசனை. தனுஷ்கோடிக் குடும்பங்கள் ராமேஸ்வரத்துக்கும் தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் சிதறின. புயலுக்கு முன்னால் நடந்த கல்யாணங்களின் கூட்டப் படங்கள் மற்ற வீட்டுப் பெட்டிகளில் இருக்கலாம். அக்கரையில், இலங்கையில், உறவு இருந்தால் அங்கேயும் கேளுங்கள். மூன்றாவது வரிசையில் நிற்பவரைக் கண்டுபிடிக்க, உங்கள் மாற்றாத படம்தான் துணை.

அம்மாவுக்கு எண்பது நிறைகிறது. புத்தகம் மாதிரி பக்கம் பக்கமாக, கீழே நாலு வரி எழுத்தோடு ஓர் ஆல்பம் வேண்டும். அச்சிட்டும் கொடுக்க வேண்டும், போனிலும் பார்க்க வேண்டும்.
— ஒரு வாசகி, தொண்டி

லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ். இலவசம். இன்சர்ட் மெனுவில் மீடியாவுக்குள் போட்டோ ஆல்பம் என்றே இருக்கிறது. படங்களைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துக்கு ஒன்றா இரண்டா நாலா என்று சொன்னால் அதுவே அடுக்கிவிடும். பவர்பாயின்ட் வைத்திருந்தால் அதிலும் இதே வசதி உண்டு. முதலிலேயே பக்க அளவை ஏ4 ஆக்கிக்கொள்ளுங்கள், கடைசியில் மாற்றினால் எழுத்தெல்லாம் இடம் மாறும். முடிந்ததும் பிடிஎஃப் ஆக எடுங்கள். அச்சுக்கு 300 டிபிஐ-க்குக் குறையாமல் ஒன்று, போனுக்குக் குறைத்து ஒன்று.

அலங்காரப் பூ, நட்சத்திரம், பின்னணியில் சூரிய அஸ்தமனம் எதுவும் வேண்டாம். வெள்ளைப் பக்கம், படம், எழுத்து. எண்பது வயசுக் கண்ணுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும், 20 புள்ளிக்குக் குறையக் கூடாது. அம்மாவை அம்மாவாக மட்டும் காட்டாமல், கல்யாணத்துக்கு முந்தைய படங்களிலிருந்து தொடங்குங்கள். அவர் தோழிகள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், உங்களிடம் இல்லாத படம் அவர்களிடம் இருக்கும்.

பத்து வருஷத்துக்கு முன் 300 படத்துக்குத் தமிழில் குறிப்பு அடித்து வைத்தேன். புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பை போல வருகிறது.
— ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், திருப்புல்லாணி

ஐயா, உழைப்பு வீணாகவில்லை, கவலைப்படாதீர்கள். நீங்கள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். அந்த எழுத்துரு இருக்கிற இடத்தில் மட்டும் அது தமிழாகத் தெரியும். உங்கள் குறிப்பை அப்படியே காப்பி செய்து, எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் மாற்றியில் ஒட்டினால் தமிழ் திரும்பி வந்துவிடும். இணையத்தில் இலவசமாக நிறைய இருக்கின்றன. இனிமேல் எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள். கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சுக்கு அழகி, எ-கலப்பை இரண்டும் நல்லவை. போனில் ஜிபோர்டு. படத்துக்குள் குறிப்பு எழுதப் பழைய எழுத்துருவை மறுபடி தொடவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுப் பீரோவில் வைத்தால் போதாதா?
— ஒரு வாசகர், ஏர்வாடி

போதாது. மின்சாரமே படாமல் வருஷக்கணக்காகக் கிடந்தால் பென் டிரைவில் எழுதியது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடலாம். நம் உப்புக்காற்றில் அதன் முனையும் துருவேறும். மூன்று பிரதி வையுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று. வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மூன்றாவது கடலுக்குத் தூரமாக, மதுரையிலோ சென்னையிலோ இருக்கிற தங்கச்சி வீட்டில். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், படத்தையும் சுருக்கும், உள்ளே எழுதிய குறிப்பையும் உதிர்த்துவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் முழுசாகப் போகும்.

எங்கள் அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருக்கிறது. பெட்டியில் 200 படம் இருக்கும், ஒன்றுக்கும் பேர் இல்லை. எந்த மென்பொருளில் தொடங்குவது என்று தேடிக்கொண்டே நாலு மாசம் போய்விட்டது அக்கா.
— ஒரு வாசகி, பாம்பன்

மென்பொருளை மூடி வையுங்கள் தங்கச்சி. ஸ்கேனையும் தள்ளிப் போடுங்கள். ஸ்கேன் அடுத்த வருஷமும் செய்யலாம்.

இன்றைக்குச் சாயங்காலம் 200 படத்தின் பின்னாலும் மெல்லிசான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எண் போடுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். வழவழப்பான பின்பக்கமாக இருந்து பென்சில் பிடிக்காவிட்டால், படத்தை ஒரு கவரில் போட்டுக் கவர் மேல் எழுதுங்கள். நாளைக் காலையில் அம்மா சாப்பிட்டு முடித்துத் தெம்பாக இருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு, "படம் பதினேழு" என்று எண்ணை நீங்கள் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் படத்தை அவர் கையில் கொடுங்கள். பழைய படத்திலிருந்து தொடங்குங்கள். நேற்று நடந்தது மறந்துபோனவர்களுக்கும் பதினைந்து வயசில் பார்த்தது பல நேரம் தெளிவாக இருக்கும்.

"இது யார், சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். பரீட்சை மாதிரி ஆகிவிடும், தெரியவில்லை என்றால் அவருக்கு வெட்கமாகிவிடும். "இது எந்த வீட்டு வாசல்மா?" "அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போன படமா இது?" "இந்தச் சேலை யார் எடுத்துக் குடுத்தாங்க?" என்று கேளுங்கள். வாசலையும் சேலையையும் பேசப் பேச ஆட்கள் தானாக வருவார்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம், பதிவாகட்டும். பெரியம்மா யாராவது இருந்தால் பிறகு அவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்குப் பத்துப் படம் போதும். பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம், அந்நேரம் அவருக்குக் குழப்பம் கூடலாம்.

அந்தப் பதிவுகளை முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு நானே பாம்பனுக்கு வருகிறேன்.